வெறும் லாரியின் எடை

ஊத்தான் மெலிந்தாங்கில் இரவு ஒன்பதரை.
ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்துவிட்டது.
கீழே டயர்க்கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டார்.
மாடியில் நான்
ஒரு சின்னப் பெட்டிக்கு
இரண்டு காதும் ஒரு வாயும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் வேலையில் வரி வரியாய் எழுதுவது கிடையாது.
பெட்டிகள், பெட்டிகளுக்கு இடையே கம்பிகள்.
பின்னம் ஓடினால் ஆரஞ்சு, முழு எண் நீலம்,
ஆம் இல்லை என்றால் பச்சை.
கம்பி வந்த காதெல்லாம் கேட்டு முடிக்காமல்
பெட்டி வாய் திறக்காது. மரியாதை தெரிந்தது.

இது செம்பனை ஆலையின் எடைமேடைப் பெட்டி.
குலையோடு ஏறிய லாரி ஒரு காதில்,
கொட்டிவிட்டுத் திரும்பும் வெறும் லாரி மறு காதில்,
வாயில் வருவது குலையின் எடை.
"கழித்தல்தானே, இதற்குமா சோதனை?" என்றார் மிஸ்டர் யாப்.
நாளைக்கு ஆலையில் காட்டவேண்டும் அவருக்கு.

நோர்ஹயாத்தி எடைச்சீட்டேட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள்.
பன்னிரண்டு லாரி.
உள்ளீட்டுக் கட்டங்களில் ஒவ்வொன்றாய்த் தட்டினேன்.
எதிர்பார்க்கும் விடைக்கு ஏட்டைப் பார்த்தால்
மூன்றாம் நெடுவரிசை முழுக்க அவள் கட்டைவிரல்.

அவளைக் கேட்டிருக்கலாம்.
ஓட்டினேன். பெட்டி சொன்ன விடைகளை
அப்படியே அள்ளி
எதிர்பார்க்கும் கட்டத்தில் கொட்டினேன்.
மறுபடி ஓட்டினேன்.
பன்னிரண்டும் பச்சை.
எழுதியவனே திருத்தினால்
எந்தத் தாள் தோற்கும்?

கிளம்பலாம் என்று மின்விசிறியை அணைத்தவள்தான்.
ஒன்பதாம் வரிசையில் ஏதோ இடித்தது.
தைரியநாதன், ஐந்து ஏக்கர், சின்ன லாரி.
ஏறிய எடை 5870.
வெறும் எடை: ஒன்றுமில்லை.
மழையில் நனைந்து பென்சில் கரைந்த இடம்.
கம்பி வராத அந்தக் காதுக்குப்
பெட்டி என்ன கேட்டது?

சுழலின் ஓரத்தில் சின்ன அம்பு ஒன்று இருக்கும்.
தொடக்கம் இதுதான் என்று சொல்லிவைக்காவிட்டால்
போன ஓட்டத்தில் கேட்டதையே பிடித்துக்கொண்டிருக்கும்.
எட்டாம் வரிசை பெரிய லாரி, வெறும் எடை 4900.
அதைத் தூக்கித்
தைரியநாதன் தலையில் வைத்துவிட்டது.
970 கிலோ. பச்சை.

அந்த வரிசையை மட்டும் புதிதாய்த் திறந்து தனியாய் ஓட்டினேன்:
5870.
லாரியும் பழுத்துவிட்டது,
டயரோடு, கதவோடு, ஓட்டுநரோடு.

"விரலை எடுத்துவிட்டு இன்னொரு படம் அனுப்பு."
பத்தே காலுக்கு வந்தது.
பன்னிரண்டு விடையும் அவள் கையால் கழித்தவை.
ஒன்பதாவதின் ஓரத்தில் சிவப்பு மையில்:
கதவில் எழுதியிருக்கிறது, பி.டி.எம். 2380.
மழையில் குடையோடு இறங்கிப்போய்ப் பார்த்தாளாம்.
அவளுடைய கணக்கு 3490.
என் பெட்டியில் இரண்டரை டன் காணவில்லை.

கட்டங்களைத் துடைத்தேன்.
அவள் எண்களைத் தட்டினேன், பார்த்துப் பார்த்து.
ஓட்டினேன்.
பதினொன்று பச்சை, ஒன்று சிவப்பு.
இந்தச் சிவப்பைப் பார்த்துச் சிரித்தது
நான் ஒருத்திதான் இருப்பேன்.

அம்புக்குத் தொடக்கம் கொடுத்தாயிற்று.
ஒன்பதாம் வரிசையில் 2380ஐத் தட்டினேன்.
பதின்மூன்றாவதாய் ஒரு வரிசை சேர்த்தேன்:
வெறும் எடை காலி.
எதிர்பார்க்கும் விடை எண் அல்ல,
"போய்க் கதவைப் பார்" என்று ஒரு பிழைச்செய்தி,
இளஞ்சிவப்புக் கம்பியில்.

மிஸ்டர் யாப் கேட்கிறார்: முடிந்ததா?
இன்னும் இல்லை என்று அனுப்பினேன்.
நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

கீழே ஒரு வெறும் லாரி
குழியில் இறங்கிக் கடகடத்துப் போகிறது.
சன்னலுக்கு ஓடுகிறேன்.
இருட்டு. கதவில் நாலு எண்,
கடைசி இரண்டுதான் தெரிந்தது.